பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் புதுச்சேரிதான்!
வண்ணச் சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பார்க்காத ஊர்

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் போதும், பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்படும் பஸ்களில் இடம் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. வைட்ஃபீல்டின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கார் பிடித்துக் கிளம்புகிறார்கள். பாக்டரித் தொழிலாளர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் கைப்பையோடு ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எல்லோரும் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: கடற்கரைச் சாலையும், அதையொட்டிய நாலைந்து மஞ்சள் சுவர்த் தெருக்களும்!

சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய ஓட்டலில் காப்பி குடிக்கிறார்கள். ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுகிறார்கள். "பாண்டிச்சேரி பார்த்தாச்சு" என்று திங்கட்கிழமை சொல்லவும் செய்கிறார்கள்.

உண்மையில் அவர்கள் பார்த்தது பாதி ஊர்கூட இல்லை. அந்த வண்ணத் தெருக்களுக்கு மேற்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால்தான் தமிழர் வாழ்ந்த ஊர் தொடங்குகிறது. அதற்கும் அப்பால் பஞ்சாலைகள் நின்ற இடம் இருக்கிறது. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்திருக்கும் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சேதிகள் அங்கேதான் இருக்கின்றன.

இத்தனைக்கும் பழைய புதுச்சேரி பெரிய ஊர் அல்ல. நான்கு பக்கமும் அகன்ற சாலைகள் வளைத்து நிற்க, நடுவில் முட்டை வடிவில் அடங்கிய நகரம் அது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் கால்நடையாகவே சுற்றி முடித்துவிடலாம்.

ரயிலடியில் ஒரு பெயர்

நடையை ரயில் நிலையத்திலிருந்து தொடங்குவது நல்லது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ல் ரயில் வந்தது. அன்று மீட்டர் கேஜ், இன்று அகலப்பாதை. ஆங்கிலேயர் ஆண்ட பகுதியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிக்குள் நுழைந்த இருப்புப்பாதை இது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கிழக்கு மேற்காகச் செல்லும் அகன்ற சாலைக்கு 'சுப்பையா சாலை' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது தெற்கு புல்வார். பயணிகளில் பெரும்பாலோர் இந்தப் பெயர்ப் பலகையைக் கவனிப்பதில்லை. யார் இந்த சுப்பையா? மில் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா (1911 - 1993). அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

சற்றுத் தொலைவில் சிவப்பும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கிறது இருதய ஆண்டவர் கோவில். 1902-ல் தொடங்கி 1907-ல் கட்டி முடிக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே காலை வெயில் உள்ளே விழும் நேரம் பார்ப்பதற்கு அழகு. அங்கிருந்து கிழக்கே நடந்தால் கடல் எதிரே வந்து நிற்கிறது.

துறைமுகம் இல்லாத துறைமுகம்

புதுச்சேரியைத் துறைமுகப் பட்டினம் என்கிறோம். ஆனால் கப்பல் கரைக்கு வந்து நிற்கும்படியான இயற்கைத் துறைமுகம் இங்கே ஒருநாளும் இருந்ததில்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரையிலிருந்து 'சலங்கு' எனப்படும் படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு போய், ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கும். படகோட்டிகள் இந்தக் கரையின் தமிழர்கள். அவர்கள் துடுப்புப் போட மறுத்தால் கவர்னர் துரையானாலும் கரையேற முடியாது!

1866-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952 புயல் அதை அடித்துக்கொண்டு போயிற்று. 1962-ல் வேறிடத்தில் புதிய பாலம் எழுந்தது. அதன் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரை வெளிநாட்டு வாணிபம் கண்டது. ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்வாராய்ச்சி நடத்தினார். ரோமாபுரியின் மது ஜாடிகளும் மட்பாண்டங்களும், இங்கேயே செய்த மணிகளும் கிடைத்தன. ஆக, இந்தத் தமிழ்க் கரைக்கு வயது இரண்டாயிரம்.

பிரெஞ்சுக் கதை தொடங்குவது 1674-ல். பிரான்சுவா மார்த்தேன் என்பவர் இங்கே வந்து வியாபாரக் கொத்தளம் அமைத்தார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். இன்று நாம் வியந்து பார்க்கும், கயிறு பிடித்தாற்போன்ற நேர்த் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் அந்த டச்சுக்காரர்களே. 1699-ல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1742 முதல் 1754 வரை டூப்ளே கவர்னராக இருந்து, தென்னிந்தியா முழுவதையும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்க் கொண்டுவரக் கனாக் கண்டார். அவர் சிலை கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் நிற்கிறது. கனவோ 1761-ல் கலைந்தது. ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். எனவே இன்று கண்ணில் படும் பிரெஞ்சுக் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவையே.

கடற்கரைச் சாலையில்…

தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் முதலில் மேரி கட்டடம் வருகிறது. 'மேரி' என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பழைய கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்துவிட்டது. அதே சாயலில் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அருகிலேயே 1855-ல் கட்டிய தேவதூதர்களின் மாதா கோவில். கப்புச்சின் சாமியார்களின் பெயரால் ஊர்மக்கள் இதைக் 'கப்ஸ் கோவில்' என்பார்கள்.

அடுத்து காந்தி சிலை. சுற்றிலும் நிற்கும் வேலைப்பாடுள்ள கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த நாளில் கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படுகிறது. அதற்கு எதிரே வெள்ளை வெளேரென்ற பழைய கலங்கரை விளக்கம். 1836-ல் ஏற்றிய விளக்கு, 1979-ல் புதிய கலங்கரை விளக்கம் வந்ததும் ஓய்வு பெற்றது. சுங்கத்துறை அலுவலகமும் பக்கத்திலேயே.

சற்று வடக்கே போர் நினைவுச் சின்னம். 1914 - 18 யுத்தத்தில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-ல் திறக்கப்பட்டது. எங்கோ ஐரோப்பாவின் பதுங்குகுழியில் மடிந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து ஓய்வூதியம் பெறுவோரைப் புதுச்சேரியில் இன்றும் 'சொல்தா' என்றுதான் அழைக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் இந்தச் சாலையில் வண்டிகள் ஓடக்கூடாது. ஜனங்கள் கைவீசி நடக்கிறார்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வேடிக்கை பார்க்கிறார். மணல்வெளி மட்டும் குறைவு. 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்கள் எழுப்பியதும், தெற்கிலிருந்து வரும் மணல் தடைப்பட்டது. கடற்கரை கரைந்துபோய்ப் பாறாங்கற்கள் மட்டும் மிஞ்சின. 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பிறகு, ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது.

கடல் தாண்டிப் போனவர்கள்

பாறைகளின் மேல் அமர்ந்து கடலைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதே கரையிலிருந்து சலங்குப் படகில் ஏறி, கப்பலில் ஏறி, திரும்பி வராமலே போன தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர்!

1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகினார்கள். தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. இந்துமாக் கடலிலுள்ள ரெயூனியன் தீவுக்கு அதற்கு முன்பே ஆள் பிடித்து அனுப்பிப் பழகியிருந்தார்கள். இப்போது உலகத்தின் மறுபக்கத்திலுள்ள கரீபியன் தீவுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

'ஓரேலி' என்ற கப்பல் சுமார் மூன்று மாதம் கடலில் மிதந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1853 மே 6-ம் தேதி மர்த்தினிக் தீவை அடைந்தது. அதில் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்கள். அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மர்த்தினிக்குக்கு 25 ஆயிரத்துக்கும் மேல், குவாதலூப்புக்கு 42 ஆயிரத்துக்கும் மேல் இந்தியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர்கள்.

ஆள் பிடித்தவர்களுக்கு 'மேஸ்திரி' என்றே பெயர். பஞ்சத்தில் அடிபட்ட தஞ்சை, தென்னார்க்காடு கிராமங்களில் போய் ஆசை வார்த்தை சொல்லி அழைத்துவருவார்கள். வந்தவர்களைக் கப்பல் வரும்வரை டிப்போவில் அடைத்து வைப்பார்கள். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. முடிந்ததும் இலவசமாகத் திரும்பலாம் என்று காகிதத்தில் எழுதியிருக்கும். ஆனால் போனவர்களில் ஒரு பகுதியினரே திரும்பினார்கள். கடலிலும் கரும்புக் காட்டிலும் மாண்டவர்கள் பலர். கொடுமைகள் பற்றிய புகார்கள் குவியவே, 1888-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு இந்தத் தீவுகளுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இன்று கரீபியன் துறைமுக நகரங்களுக்கு உல்லாசக் கப்பல்களில் வந்து இறங்கும் பயணிகள் ஏராளம். மர்த்தினிக்கின் போர்-த-பிரான்ஸ், குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் போன்ற ஊர்களில் மரச் சன்னல் வைத்த வண்ண வீடுகளைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். புதுச்சேரியில் நடப்பவர்களைப் போலவே அவர்களும் சுவரின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சற்று உற்றுப் பார்த்தால் அங்கே நம் மக்களின் அடையாளம் தெரியும். அந்தத் தீவுகளின் பிரபலமான மசாலாக் குழம்புக்குக் 'கொலம்போ' என்று பெயர். பெண்கள் விசேஷ நாட்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு 'மதராஸ்' என்று பெயர். குவாதலூப்பில் மாரியம்மனுக்குக் கோவில்கள் உண்டு; 'மாலியேமேன்' என்று வாய் திரிந்து அழைத்தாலும் அவள் நம் மாரியாத்தாதான்.

குவாதலூப்பில் 1863-ல் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். அங்கே பிறந்த இந்தியர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்று 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல்தான் அரசு இறங்கி வந்தது. பத்தொன்பது வருடப் போராட்டம்! பிழைக்கப் போன இடத்தில் ஓட்டுரிமைக்கும் ரேஷன் கார்டுக்கும் அலைந்தவர்களுக்கு அவர் பட்ட பாடு சொல்லாமலே விளங்கும்.

வெள்ளையர் வீதிகள்

கடற்கரையிலிருந்து மேற்கே திரும்பினால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை மண்டபம். அதுதான் ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயி என்ற தாசி, தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி காலத்து மண்டபம் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரைச் சுமந்து நிற்கிறது!

பூங்காவைச் சுற்றி ராஜ்நிவாஸ், சட்டமன்றம், அருங்காட்சியகம், 1827-ல் தொடங்கிய ரொமேன் ரோலன் நூலகம் ஆகியவை இருக்கின்றன. அருகிலேயே மணக்குள விநாயகர் கோவில். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்து தங்கிய ஊரல்லவா? அவர் ஆசிரமமும் பக்கத்துத் தெருதான். ஆசிரமக் கட்டடங்களுக்குச் சாம்பல் நிறம் பூசியிருப்பார்கள். மற்றவை மஞ்சள், இளஞ்சிவப்பு, விளிம்புகளில் வெள்ளை. உயரமான மதில், வளைந்த வாசல், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூ. துய்மா, சுஃப்ரேன் என்று பிரெஞ்சுக்காரர் பெயர்கள் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய நீலப் பலகைகள்.

அழகுதான், மறுப்பதற்கில்லை. பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

வாய்க்காலைத் தாண்டி

பிரெஞ்சுக்காரர் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். கடல் பக்கம் வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். நடுவில் பெரிய வாய்க்கால். பெயரிலேயே நிறம் பார்த்த காலம் அது.

வாய்க்காலைத் தாண்டியதும் வீடுகளின் குணமே மாறுகிறது. கிழக்கே வீடுகள் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. இங்கே வீடுகள் தெருவை நோக்கிக் கை நீட்டுகின்றன! வாசலில் திண்ணை. திண்ணைக்கு முன்னால் தெருவோடு ஒட்டி, மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக வீட்டுக்காரர் செலவில் போட்ட நிழல் அது. உள்ளே முற்றம், சுற்றிலும் தூண்கள். சில வீடுகளில் கீழே தமிழ்க் கட்டு, மாடியில் பிரெஞ்சுச் சன்னல். வைசியாள் வீதியில் இத்தகைய வீடுகளின் முகப்புகளை வரிசையாகப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள்.

மற்றத் தெருக்களில் நிலைமை வேறு. பங்காளிச் சண்டை, பராமரிப்புச் செலவு, மனை விலை ஆகிய மூன்றும் சேர்ந்து பழைய வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிவருகின்றன. திண்ணை இருந்த இடத்தில் இரும்பு ஷட்டர் வந்துவிடுகிறது. பயணிகள் கூட்டம் வந்து போவதால் வெள்ளையர் வீதி வீடுகளுக்கு ஓட்டல் வருமானம் உண்டு, அவை பிழைத்துக்கொள்கின்றன. யாரும் பார்க்க வராத தமிழர் வீடுகளுக்கு அந்த வருமானம் இல்லை.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. 1738 வாக்கில் கட்டியது. டூப்ளேயின் துபாஷியாக இருந்த பிள்ளை (1709 - 1761), 1736 தொடங்கித் தாம் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் கோபம், சந்தையில் பேசிக்கொண்டது என்று ஒன்று விடாமல் தமிழில் எழுதி வைத்தார். 1846-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய சரித்திரம் எழுதுவோர் இன்றும் இந்தக் கணக்கரின் கையெழுத்தைத்தான் நாடுகிறார்கள்!

மிஷன் வீதியில் சம்பா கோவில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1791-ல் முடிந்தது. அதையொட்டி இருந்த வேதபுரீசுவரர் கோவிலை 1748-ல், டூப்ளே காலத்தில் இடித்தார்கள். ஊராரின் தவிப்பை ஆனந்தரங்கர் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அந்தக் கோவில் வேறு இடத்தில் எழுந்தது. தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்கள் வாழும் பகுதி. இடையில் பெரிய மார்க்கெட். மீனும் பூவும் மணக்கும் சந்துகள்.

ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் இல்லம் நினைவகமாக இருக்கிறது. ஆங்கிலேயர் பிடியில் சிக்காமல் 1908-ல் இங்கே வந்த பாரதி, பத்து வருடம் தங்கினார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது இந்த ஊரில்தான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களுக்காகக் கண்ணீர்விட்டுப் பாடியவரும் அவரே. கூலிகளைக் கப்பல் ஏற்றிய கரையிலேயே அவர் பத்து ஆண்டுகள் உலவினார் என்பது நினைக்கத்தக்கது. பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் இல்லம்; பாவேந்தர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்.

பன்னிரண்டு பேர்

இனி மில்களைப் பார்ப்போம். புதுச்சேரித் துணி ஒரு காலத்தில் கடல் கடந்து புகழ் பெற்றது. நீலச் சாயம் தோய்த்த 'கினி' துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் ஆப்பிரிக்காவின் செனகல் வரை கொண்டுபோய் விற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திர மில்கள் வந்தன. சவானா மில், 1898-ல் தொடங்கிய ரோடியர் மில், கப்ளே மில் என்று மூன்று. பிற்காலத்தில் அவை முறையே சுதேசி மில், ஏ.எப்.டி., பாரதி மில் என்று அழைக்கப்பட்டன. சுற்றுப்புறக் கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உழைத்தார்கள்.

வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை. சங்கம் வைக்க உரிமை இல்லை. 1930-களில் வ. சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டினார். கோரிக்கை எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, சங்க உரிமை. 1936-ல் தொழிலாளர்கள் மில்லுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30-ம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் பிணமானார்கள்.

சேதி பாரிஸ் வரை எட்டியது. மறு வருடம், 1937 ஏப்ரல் 6-ம் தேதி, பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் எட்டு மணி நேரச் சட்டம் என்று தொழிற்சங்கத்தார் பெருமையோடு சொல்வார்கள். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் எட்டு மணி நேரம் என்பது அன்று வெறும் கோரிக்கையாகவே இருந்தது!

பிறகு விடுதலை வந்தது. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. ஆனால் மில்கள் நிலைக்கவில்லை. நஷ்டமும் நிர்வாகக் கோளாறும் புயலும் சேர்ந்து அடித்ததில் நலிந்துபோய், ஏ.எப்.டி. 2020-ல் மூடப்பட்டது. கடலூர்ச் சாலையில் அதன் மதிலை ஒட்டி நடந்தால், ஷிப்டுச் சங்கு ஊதிய காலத்தில் அந்தச் சாலை எப்படி நிறைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இங்கே யாரும் போட்டோ எடுப்பதில்லை.

ஆண்டுதோறும் ஜூலை 30-ம் தேதி மட்டும் தொழிற்சங்கத்தார் கொடியோடு வந்து, தியாகிகள் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள்.

யார் பெயரில் ஊர்?

வைட்ஃபீல்ட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1882-ல் மைசூர் மகாராஜா தந்த நிலத்தில், ஆங்கிலோ - இந்தியர்களுக்காகக் குடியிருப்பு அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு வந்தது. இன்னர் சர்க்கிளைச் சுற்றிப் பழைய வீடுகள் ஒன்றிரண்டு இன்னும் மிச்சம். அந்த வீடுகளுக்குக் கல் சுமந்தவர்கள் யார்? இன்று எழும்பியிருக்கும் கண்ணாடி மாளிகைகளுக்குச் சாரம் கட்டியவர்கள், சாந்து கலந்தவர்கள் யார்? தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து மேஸ்திரியோடு வந்தவர்களும் அவர்களில் உண்டு. எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை.

புதுச்சேரியிலும் நீலப் பலகைகளில் இருப்பவை பெரும்பாலும் கவர்னர்கள், கப்பற்படைத் தலைவர்கள் பெயர்கள்தான். சலங்கு ஓட்டியவன் பெயர் இல்லை. ஓரேலி கப்பலில் ஏறிய பெண்ணின் பெயர் இல்லை. ஆனால் ஆயிக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. கணக்கர் ஆனந்தரங்கருக்கு ஒரு வீதி இருக்கிறது. ரயிலடியிலேயே மில் தொழிலாளர் தலைவருக்கு ஒரு சாலை இருக்கிறது. இந்தியாவில் எத்தனை ஊர்கள் இவ்வளவாவது செய்திருக்கின்றன? கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தகப்பன், மஞ்சள் சுவரைக் காட்டிய பிறகு இந்த மூன்று பெயர்களையும் சொல்லிக் கொடுக்கலாம்.

போவது எப்படி?

பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 310 கிலோமீட்டர். இரவு ஏறினால் விடியலில் இறங்கலாம். ரயிலில் போக விரும்புவோர் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி சென்று, அங்கிருந்து திருவண்ணாமலை மார்க்கமாக விழுப்புரம் போய், புதுச்சேரி ரயில் பிடிக்கலாம். மாற்றி மாற்றி ஏறவேண்டியிருக்கும். ஆனால் கைக்காசு மிச்சமாகும்.

நடக்க ஏற்றது மார்கழி, தை மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். காலையில் கடற்கரையும் வெள்ளையர் வீதிகளும். பத்து மணிக்கு மேல் வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் தெருக்களில் தாழ்வார நிழல் கிடைக்கும். ஆனந்தரங்கர் மாளிகைக்குள் போக முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். பாரதியார், பாரதிதாசன் இல்லங்களில் விடுமுறை நாள் எது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. வெயில் தாழ்ந்ததும் கடலூர்ச் சாலைப் பக்கம் மில் மதில்களைப் பார்த்துவிட்டு, ஆறு மணிக்குக் கடற்கரைக்கே திரும்பிவிடலாம். அப்போது வண்டிகள் இராது. பாறைமேல் உட்கார்ந்து, சலங்குகள் போன திசையைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.